லோயர் கேம்ப் தண்ணிக்கு எத்தனை அமைச்சர்? அதுல காலநிலை அமைச்சர் எங்கே?

கம்பத்தில் பஸ் ஏறி குமுளி போகிறவர்களுக்கு, மலைப்பாதை ஆரம்பிக்கும் முன் கடைசியாக வரும் ஊர் லோயர் கேம்ப். ஐயப்ப சீசனில் டீ குடிக்க வண்டி நிற்கும். மற்ற நாட்களில் பென்னிகுக் மணிமண்டபம் முன்னாடி ஒரு செல்ஃபி, அவ்வளவுதான். ஆனால் 'காலநிலை மாற்றத்துறை அமைச்சர்' என்கிற பதவிக்கு நிஜத்தில் எவ்வளவு பவர் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

"அப்படி ஒரு அமைச்சர் இருக்காரா?" என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 2021 மே மாதம் அமைந்த தமிழ்நாடு அமைச்சரவையில் சிவ.வீ.மெய்யநாதனுக்கு சுற்றுச்சூழல் மற்றும் காலநிலை மாற்றத்துறை கொடுக்கப்பட்டது. கூடவே இளைஞர் நலனும் விளையாட்டும் அவரிடம்தான் இருந்தன. 2022 டிசம்பரில் விளையாட்டுத்துறை உதயநிதி ஸ்டாலினிடம் போனது ஊருக்கே தெரியும். காலநிலை யாரிடம் மிச்சமிருந்தது என்பது பொது அறிவுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்!

சரி, தண்ணிக்கு வருவோம்.

முல்லைப் பெரியாறு அணை இருப்பது கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில். 1895-ல் கட்டி முடித்தார்கள். பராமரிப்பது தமிழ்நாடு. மேற்கே அரபிக்கடலுக்கு ஓட வேண்டிய தண்ணீரை, தேக்கடியில் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார்கள். அந்தத் தண்ணீர் நான்கு ராட்சதக் குழாய்களில் மலைச்சரிவில் இறங்கி, லோயர் கேம்ப் மின் நிலையத்துக்குள் பாய்கிறது. தலா 42 மெகாவாட் வீதம் நான்கு ஜெனரேட்டர்கள், மொத்தம் 168 மெகாவாட். விநாடிக்கு 400 கன அடி திறந்தால் சுமார் 36 மெகாவாட் மின்சாரம். நிலக்கரி இல்லை, புகை இல்லை. 'கிரீன் எனர்ஜி' என்ற வார்த்தை ஃபேஷன் ஆவதற்கு ரொம்ப முன்னாடி, 1950-களின் கடைசியிலேயே ஓட ஆரம்பித்த நிலையம் இது.

டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வரும் தண்ணீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வைகை அணைக்குப் போகிறது. வழியில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள். அதற்கப்புறம் திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம். தேனியையும் சேர்த்தால் ஐந்து மாவட்டங்கள் இந்த ஒரு குழாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்கின்றன.

இப்போது விரல் விட்டு எண்ணுங்கள். ஷட்டரைத் திறப்பது நீர்வளத்துறை. டர்பைனைச் சுற்றுவது மின்சாரத்துறை. வயலுக்குள் வந்ததும் வேளாண்மைத்துறை. லோயர் கேம்ப்பிலிருந்து மதுரை மாநகராட்சிக்கு நேரடியாகக் குழாயில் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் நகராட்சி நிர்வாகத்துறையுடையது. அணைக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் காடு என்றால் வனத்துறை. தமிழ்நாட்டில் மட்டும் ஐந்து அமைச்சர்கள். அதற்கு மேல் கேரள அரசு, மத்திய அரசு, 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே மாதம் தீர்ப்பு சொன்ன சுப்ரீம் கோர்ட். பட்டியல் முடிந்துவிட்டது, காலநிலை அமைச்சர் இன்னும் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தலைமைச் செயலகத்தில் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம், வனம் மூன்றும் சேர்ந்து ஒரே துறை, ஒரே செயலாளர். ஆனால் வனத்துக்குத் தனி அமைச்சர். ஒரே வீட்டில் சமையலறைக்கு ஒருத்தர், அடுப்புக்கு இன்னொருத்தர் மாதிரி.

எல்லைக்கு அந்தப் பக்கமும் கதை இப்படித்தான். பேபி அணையைப் பலப்படுத்த 15 மரங்களை வெட்ட வேண்டும் என்று தமிழ்நாடு ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. 2021 நவம்பரில் கேரள வனத்துறை அனுமதி கொடுத்தது. முதல்வர் ஸ்டாலின் நன்றி சொல்லி பினராயி விஜயனுக்குக் கடிதமே எழுதிவிட்டார். அடுத்து கேரள வனத்துறை அமைச்சர் சொன்னது, "எனக்கு இந்த உத்தரவு பற்றித் தெரியாது" என்பதுதான். சில நாட்களில் அனுமதி ரத்து. 15 மரத்துக்கே இந்த நிலைமை!

மழை பிசகினால் யாரைக் கேட்பது?

இதெல்லாம் ஃபைல் சண்டைதானே, நமக்கென்ன என்று நகர்ந்துவிட முடியாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் பக்கம் பந்தல் பந்தலாகத் தொங்கும் அந்தக் கருநீலப் பழம்தான். அறுவடை நேரத்தில் நாலு நாள் மழை விடாமல் பெய்தால் பழம் வெடித்துவிடும், பந்தலுக்குள் பூஞ்சை ஏறிவிடும். மழை வரும் மாதம் முன்னே பின்னே மாறினால் முதல் அடி இந்தப் பந்தலுக்குத்தான்.

விடியும் முன்னே கம்பம், கூடலூர் பக்கமிருந்து ஜீப்புகள் நிறைய பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். 2024 கோடையில் இடுக்கி மலையில் வெயில் அடித்த அடியில் ஏலச்செடிகள் ஏராளமாகக் காய்ந்துபோயின. செடி காய்ந்தால் தோட்ட முதலாளிக்கு நஷ்டம், அது செய்தியில் வரும். ஜீப் ஏறுகிற அக்காவுக்கு அன்றைக்குக் கூலி கிடையாது, அது எந்தத் துறையின் கணக்கிலும் வராது. அவர் வாழ்வது தமிழ்நாட்டில், வேலை பார்ப்பது கேரளாவில். எந்த மாநிலத்தின் காலநிலை அமைச்சர் அவருக்குப் பொறுப்பு?

வெயிலுக்கே வேறு அமைச்சர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் தமிழ்நாடு அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவுதான். உத்தரவு வந்தது வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையிலிருந்து.

வெளிநாட்டில் என்ன பண்ணுகிறார்கள்?

பிரிட்டனில் 2008-ல் எரிசக்திக்கும் காலநிலைக்கும் சேர்த்து ஒரு புதுத் துறையை ஆரம்பித்தார்கள். முதல் அமைச்சர் எட் மிலிபேண்ட். அதே வருடம் காலநிலை மாற்றச் சட்டமும் வந்தது. எந்த அமைச்சர் எந்தத் துறையில் உட்கார்ந்தாலும், நாடு மொத்தமாக வெளியிடும் கார்பனுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு வரம்பு என்று அந்தச் சட்டம் கட்டிப்போட்டது. 2016-ல் தெரசா மே பிரதமரானதும் அந்தத் துறையையே கலைத்துவிட்டார். ஆனால் சட்டத்தைக் கலைக்கவில்லை. 2024 செப்டம்பர் 30-ந்தேதி பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம் மூடப்பட்டது. அப்போது எரிசக்தி அமைச்சர் யார் தெரியுமா? மறுபடி எட் மிலிபேண்ட். நடுவில் அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். வேலையை நடத்தியது சட்டம்.

இன்னொரு பெயர் உங்கள் அப்பா, சித்தப்பாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். எரிக் சோல்ஹைம். இலங்கை அமைதிப் பேச்சுவார்த்தை நாட்களில் தமிழ்ப் பத்திரிகைகளில் தினமும் வந்த பெயர். அவர் பிறகு நார்வேயில் சர்வதேச வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒரே நேரத்தில் அமைச்சராக இருந்தார். ஒரு கையில் வெளிநாட்டு உதவிப் பணம், இன்னொரு கையில் சுற்றுச்சூழல். அந்தக் காலத்தில்தான் அமேசான் காட்டைக் காக்க பிரேசிலுக்கு 100 கோடி டாலர் வரை தருவதாக நார்வே அறிவித்தது. முதல்வர் தலைமையிலான தமிழ்நாட்டின் காலநிலை மாற்ற ஆட்சிமன்றக் குழுவில் சோல்ஹைமும் ஓர் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார் என்பது கூடுதல் தகவல்.

பணமும் இல்லாமல், பெரிய நாடும் இல்லாமல் சாதித்தவர்களும் உண்டு. வனுவாட்டு என்று பசிபிக் தீவு நாடு. மொத்த மக்கள்தொகையே தேனி மாவட்டத்தில் சுமார் கால்வாசிதான். அங்கே படித்த சட்ட மாணவர்கள் 2019-ல் ஒரு கேள்வியை எழுப்பினார்கள், காலநிலையைக் கெடுக்கும் நாடுகளைச் சட்டப்படி கேள்வி கேட்க முடியுமா என்று. காலநிலை அமைச்சர் ரால்ஃப் ரெகன்வானு அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றினார். ஐ.நா பொதுச்சபை வழியாக அது சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. காலநிலையைக் காக்கும் சட்டக் கடமை நாடுகளுக்கு உண்டு என்று 2025 ஜூலை 23-ல் நீதிமன்றம் கருத்து சொன்னது. ஒரு காலேஜ் கிளாஸ்ரூமில் ஆரம்பித்த விஷயம் பாஸ்!

பிரிட்டனுக்குச் சட்டம், நார்வேக்குப் பணம், வனுவாட்டுக்கு விடாப்பிடியான ஓர் அமைச்சர். பெயர்ப் பலகை மட்டும் எங்கேயும் வேலை செய்யவில்லை. மத்திய அரசு 2014-ல் சுற்றுச்சூழல், வனத்துறையின் பெயரில் 'காலநிலை மாற்றம்' என்று சேர்த்தது. ஆனால் மின்சாரம் வேறு அமைச்சகம், சோலாரும் காற்றாலையும் வேறு அமைச்சகம், தண்ணீர் இன்னொன்று. பெயர் நீண்டது, கை நீளவில்லை.

அந்தக் கண்ணோடு பார்த்தால், தமிழ்நாட்டில் 2024 செப்டம்பரில் நடந்த இலாகா மாற்றம் சுவாரஸ்யமானது. மெய்யநாதன் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைக்குப் போக, காலநிலை நிதியமைச்சர் தங்கம் தென்னரசுவிடம் வந்தது. "நிதிக்கு நடுவுல இதையும் சேர்த்துத் தள்ளிட்டாங்க" என்றும் படிக்கலாம். எனக்கு அது சரியான இடமாகவே படுகிறது. ஐந்து அமைச்சர்களின் ஃபைலும் ஒருநாள் நிதித்துறை மேஜைக்கு வந்தே ஆக வேண்டும். "இந்தத் திட்டத்துக்குப் பணம் தர்றேன், தண்ணி கம்மியான வருஷத்துல யாருக்கு எவ்வளவுன்னு முதல்ல எழுதிக் கொடுங்க" என்று கேட்கக்கூடிய நாற்காலி அது ஒன்றுதான். அதில் உட்காருபவர் கேட்கிறாரா என்பது வேறு விஷயம். பட்ஜெட் சீசனில் காலநிலைக்கு யாருக்கு நேரம் இருக்கும்?

அந்தக் 'கம்மியான வருஷம்' கற்பனை இல்லை. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது அணை 142 அடியைத் தொட்டது. மழை பொய்க்கிற வருடங்களில் 104 அடி பக்கம் இறங்கிவிடும். அதற்குக் கீழே போனால் சுரங்கம் வழியாகத் தண்ணீர் எடுக்க முடியாது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் எல்லாரும் வாழ்கிறார்கள். முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் 1-ல் தண்ணீர் திறக்கும்போது, நாற்றங்காலுக்கு எவ்வளவு, குடிநீருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பதுதான் இந்தப் பள்ளத்தாக்கின் உண்மையான காலநிலைக் கொள்கை. மின்சாரம் அந்தத் தண்ணீரின் பின்னாலேயே வரும். மதுரைக் குழாய்த் திட்டத்தைக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்ததும் இதனால்தான். ஆற்றில் ஓடும் தண்ணீரைக் கண்ணால் பார்க்கலாம். குழாய்க்குள் போவதை, வறட்சி வருடத்தில் யார் அளப்பது? மதுரைக்காரர்களுக்கும் தாகம் எடுக்கும் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. பங்கீட்டை முன்கூட்டியே சொல்லுங்கள் என்கிறார்கள்.

சென்னைக்குப் போய் அமைச்சரைப் பார்க்க முடியாது என்றாலும் பக்கத்தில் ஒரு கதவு இருக்கிறது. 38 மாவட்டங்களிலும் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் அமைத்து, கலெக்டரையே அதற்கு இயக்குநர் ஆக்கியது தமிழ்நாடு அரசு. மாதாமாதம் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதும் அதே கலெக்டர்தான். நீர்வளம், வேளாண்மை, மின்சாரம் என்று எல்லாத் துறை அதிகாரிகளும் அந்த ஒரு ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே பெரும்பாலும் தலை நரைத்தவர்கள்தான் மனுவோடு வருகிறார்கள். அடுத்த கூட்டத்தில் தாத்தாவோடு நீங்களும் போய், "அணை 110 அடிக்கு வந்தா யாருக்கு எவ்வளவு தண்ணி, எழுத்துல இருக்கா சார்?" என்று கேட்டுப் பாருங்கள்.