கறம்பக்குடிக்கும் ஒரு கடல் கண்காட்சி

வெர்தைம் சகோதரிகள் 2005இல் லாஸ் ஏஞ்சலிஸில் குரோஷே ஊசியும் நூலும் கொண்டு பவளப்பாறை பின்னத் தொடங்கினர். அழியும் பவளத்துக்காக ஆயிரக்கணக்கானோர் அதில் கைகோத்தனர்; 2019இல் வெனிஸ் கலைவிழாவிலும் அது இடம்பெற்றது.

அப்படியொரு கண்காட்சி கறம்பக்குடிக்கும் வேண்டும். இங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் அக்னியாறு நம் மழைநீரையும், கூடவே நாம் வீசும் பாலித்தீன் பைகளையும் பாக் நீரிணையில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே கடற்புல் மேயும் ஆவுளியா என்னும் கடல்பசுவுக்காக, தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பைத் தமிழக அரசு 2022இல் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதலாவது. நம் மாவட்டத்துக்குப் பெரும் பேறு. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆவுளியாவைப் படத்திலாவது பார்த்திருப்பார்கள்?

ஓவிய ஆசிரியர்களும் பேரூராட்சியும் சேர்ந்து இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களையும் அழைத்துப் பேசவைக்க வேண்டும்.