நாள் எண்ணத் தெரிந்த மனிதர்

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு ஜூன் 12-இன் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குறுவைக்காக மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள் அது. ஒரு மாதம் பிந்தி வந்தாலும் வருவது அதே தண்ணீர்தான். ஆனால் குறுவைக்கு அது உதவாது. காலம் தவறிய பணியும் அப்படித்தான் என்பது என் கருத்து. இதைத் தம் வாழ்வால் விளக்கிய ஒருவரும் ஜூன் 12-இலேயே பிறந்தார் என்பது இனிய ஒற்றுமை. அவர்தாம் ரயில்வேப் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன்.

1932-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் பிறந்த அவர், பாலக்காட்டில் படித்து, காக்கிநாடாவில் பொறியியல் பட்டம் பெற்றார். சில காலம் கோழிக்கோடு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளராக இருந்தார். பின்னர் 1954-இல் தென்னக ரயில்வேயில் சேர்ந்தார்.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் பாலத்தையும் சிதைத்தது. பாலத்தைச் செப்பனிட ரயில்வே குறித்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளைஞர் ஸ்ரீதரன், கடலில் மூழ்கிய இரும்பு உத்திரங்களைத் தேடியெடுத்து மீண்டும் பொருத்தச் செய்தார். 46 நாள்களில் பணி முடிந்தது!

1990-இல் கொங்கண் ரயில்வேக் கழகம் அவர் தலைமையில் அமைந்தது. ஏறத்தாழ 2,000 பாலங்கள், தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள், 760 கிலோமீட்டர் மலைப்பாதை. 1998 ஜனவரியில் ரயில் ஓடியது. பின்னர் தில்லி மெட்ரோ. அங்கே, முடிக்க இன்னும் எத்தனை நாள் உள்ளன என்று காட்டும் கடிகாரங்களைப் பணியிடங்களில் வைத்தார். முதற்கட்டம் குறித்த காலத்துக்கு முன்பே முடிந்தது.

இத்தகையோர் குடும்பத்தை மறந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நான் அதை ஏற்கவில்லை. மனைவி ராதாவும் நான்கு மக்களும் கொண்டது அவர் குடும்பம். உரிய நேரத்தில் அலுவலகம் வந்து, உரிய நேரத்தில் வீடு திரும்புவது பணிக்காலத்தில் அவர் வழக்கமாக இருந்தது. பகலை வீணாக்காதவருக்கு இரவைக் கடன் வாங்கும் தேவை ஏது?

காலம் காப்பதோடு பொறுப்பேற்பதும் சேர வேண்டும். 2009-இல் தில்லி மெட்ரோ கட்டுமானத்தில் விபத்து நேர்ந்து உயிர்கள் பலியானபோது, அவர் தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அரசு அதை ஏற்கவில்லை. கொள்ளிடத்துக்கு அப்பால் அரியலூரில் 1956-இல் நடந்த ரயில் விபத்துக்காக லால்பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியைத் துறந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியுமா?

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1894-இல் தஞ்சை ஜில்லா போர்டு, நிலவரியோடு வசூலித்த தனி வரியைக் கொண்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 54 மைல் இருப்புப்பாதை அமைத்தது. உழுதவன் விளைச்சலில் உருவான பாதை அது! அதன் ஒரு பகுதி அடங்கிய திருவாரூர் - காரைக்குடி தடத்தில், அகலப்பாதைப் பணிக்காக 2012-இல் ரயில்கள் நின்றன. முழுத் தடத்திலும் அவை மீண்டும் ஓடியது 2019-இல். ஏறத்தாழ 150 கிலோமீட்டர், மலையில்லை, சுரங்கமில்லை, ஆயினும் ஏழு ஆண்டுகள்! அதற்குள் ஒரு மாணவன் ஆறாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பையே முடித்துவிடுவான்.

பாம்பன் அவசரப் பணி, கொங்கணுக்குத் தனிக் கழகமும் கடன் பத்திர நிதியும் இருந்தன என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். நான் கேட்பதும் அதுவே. படுகையின் பணிகளுக்கும் முழு நிதியை முன்னதாக ஒதுக்குங்கள். பொறுப்பான ஒருவரை இடையில் மாற்றாமல் வையுங்கள். முடியும் நாளையும் அவர் பெயரையும் ஒவ்வொரு நிலையத்திலும் பலகையில் எழுதுங்கள். பெயர் எழுதிய இடத்தில் சாக்குப்போக்கு குறையும்.

மாணவத் தோழர்களே! நாளை நம்மில் சிலர் அலுவலர் நாற்காலியில் அமர்வோம். நம் மேசையில் ஒரு கோப்பு தூங்கும் ஒவ்வொரு நாளும், எங்கோ ஒரு வயல் நீருக்குக் காத்திருக்கிறது என்று நினைப்போம். திறமை சிலருக்கே வாய்க்கலாம். நாளை எண்ணி வேலை செய்வது எல்லார்க்கும் இயலும்.