மருந்துக் கடைக்குப் போகுமுன் வேலியைப் பாருங்கள்

புறக்கடையில் சுரைக்கொடி பந்தல் நிறையப் படர்ந்திருக்கிறது. பூவுக்கும் குறைவில்லை. ஆனால், விரல் நீளம் வந்த பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி உதிர்கிறது. உடனே கடைக்குப் போய் ஒரு டானிக் பாட்டில் வாங்கி வருவதுதான் நம்மில் பலரது வழக்கம். அதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். உதிர்ந்த பிஞ்சை இரண்டாக வெட்டுங்கள். உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. புழு இல்லையென்றால், பொழுது சாயும் நேரத்தில் அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை நீக்கிவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். நான்கைந்து பூவுக்கு இப்படிச் செய்து காம்பில் நூல் கட்டி வையுங்கள். நூல் கட்டியவை மட்டும் காயாகத் திரண்டால், கொடிக்குச் சத்துக் குறைவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். உங்கள் தோட்டத்தில் பூச்சி வரத்து குறைந்திருக்கிறது.

பூசணியும் பாகலும் காலையில் மலர்பவை, தேனீக்கள் பார்த்துக்கொள்ளும். சுரையும் புடலையும் மாலை மங்கிய பிறகு விரிகின்றன. அந்த நேரத்தில் வரவேண்டியவை அந்துப்பூச்சிகள். பந்தலுக்குப் பக்கத்தில் விடிய விடிய வெள்ளை எல்இடி விளக்கு எரிந்தால், பூவுக்குப் போகவேண்டிய அந்து விளக்கைச் சுற்றியே களைத்து, காலையில் பல்லிக்கு இரையாகிறது. வேலை முடிந்ததும் அந்த விளக்கை அணைத்து வைப்பதற்கு எந்தத் திட்டமும் மானியமும் தேவையில்லை.

கத்தரிக்கு வேறு கதை. அதன் மகரந்தப் பை முழுவதும் பிளந்து திறக்காது. நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் பொடி வெளியே வரும். பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரவைக்கும் தேனீ வந்தால் பொடி நன்றாகக் கொட்டும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டு என்று நாம் துரத்தும் தச்சுத் தேனீக்கும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீக்கும் தெரியும். முன்னது காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளை போட்டுக் குடியிருக்கிறது. பின்னது மண் தரையிலும் மண்சுவரிலும் பொந்து வைக்கிறது. மண்சுவர் போய், முற்றத்துக்குச் சிமெண்ட் போட்டு, பட்ட மரத்தை விறகாக்கி, கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி கட்டிய பிறகு அவை எங்கே தங்கும்? அதோடு, காய்த்துளைப்பானுக்குப் பயந்து வாரம் ஒரு முறை கத்தரியில் மருந்தடிக்கிறோம். வழி தவறி வரும் ஒன்றிரண்டும் அதில் போய்விடுகின்றன.

வயலுக்கு உதவும் பூச்சியில் பெரும்பகுதி வயலில் நிரந்தரமாக வாழ்வதில்லை. அறுவடை முடிந்து நிலம் காய்ந்ததும் அவற்றுக்கு ஒதுங்க இடம் வேண்டும். அந்த இடம் உங்கள் வேலி, வரப்பு, கொல்லை, குப்பைமேடு. அவற்றைத் துடைத்துச் சுத்தமாக வைத்துவிட்டு, வயலில் பூச்சி தாக்குகிறது என்று புலம்புவதில் பொருளில்லை.

நெல்லை எடுத்துக்கொள்வோம். புகையான் ஏன் வருகிறது என்று கேட்டால் மழை, தழைச்சத்து, நெருக்கமான நடவு என்று சொல்வோம். எல்லாம் உண்மைதான். ஆனால், இளம் பயிரில் இலைச்சுருட்டுப் புழுவைப் பார்த்த பதற்றத்தில் அடித்த முதல் மருந்தை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. புகையானின் முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் பச்சை நிற மிரிட் நாவாய்ப்பூச்சியும், தூரடியில் ஓடித் திரியும் சிலந்தியும் அந்த மருந்தில் முதலில் சாகின்றன. (சிலந்தி எட்டுக்கால் இனம், பூச்சி அல்ல, இருந்தாலும் நம் கணக்கில் அதற்கு இடம் உண்டு.) தூருக்குள் இட்ட புகையான் முட்டை தப்பிவிடுகிறது. அது பொரிந்து வரும்போது தின்ன ஆளில்லை. செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் புகையானைப் பெருக்கிவிடும் என்று வேளாண் துறை பல ஆண்டுகளாகச் சொல்லியும், இரண்டு மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடிக்கும் பழக்கம் குறைந்தபாடில்லை.

இதை ஒரு நாடே பட்டுத் தெரிந்துகொண்டது. இந்தோனேசியாவில் பூச்சிக்கொல்லிக்கு அரசு பெரும் மானியம் கொடுத்த காலத்தில்தான் புகையான் லட்சக்கணக்கான ஏக்கரைச் சூறையாடியது. 1986இல் அதிபர் சுகார்தோவின் அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது; அடுத்த சில ஆண்டுகளில் மானியத்தையும் நிறுத்தியது. விளைச்சல் விழவில்லை. உழவர் வயல்வெளிப் பள்ளி என்று இன்று நம் ஊரில் நடப்பதும் அங்கிருந்து வந்த முறைதான்.

நம் பரிந்துரையிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. தூரில் சிலந்தி இல்லாவிட்டால் கிளைக்கு ஒரு புகையான் இருந்தாலே நடவடிக்கை. தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் கிளைக்கு இரண்டு வரை பொறுக்கலாம். ஒரு சிலந்திக்கு இவ்வளவு மதிப்பு. ஆனால், கடையில் மருந்து கேட்கும்போது உங்கள் வயலில் சிலந்தி எத்தனை என்று யாரும் கேட்பதில்லை.

வேற்று நாட்டிலிருந்து வந்த பூச்சி என்றால் மருந்துதானே வழி என்று கேட்கலாம். 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டே ஆண்டில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி விவசாயிகளைக் கலங்கடித்தது. மேலே மெழுகுப் பூச்சு இருந்ததால் மருந்து ஒட்டவில்லை. மல்பெரியில் மருந்தடித்தால் பட்டுப்புழு செத்தது. 2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டது. நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி மாவட்டந்தோறும் கொடுத்தது. விட்ட இடத்தில் மருந்தடிக்க வேண்டாம் என்பது மட்டுமே விவசாயிக்கு வைத்த நிபந்தனை. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது.

2016இல் பொள்ளாச்சித் தென்னையில் வந்த சுருள் வெள்ளை ஈக்கும் என்கார்சியா என்ற குளவி தானாகவே வந்து சேர்ந்தது. ஓலையின் அடியில் வெள்ளை ஈயின் குஞ்சுகள் கருத்துக் காணப்பட்டால் அதன் உள்ளே குளவி வளர்கிறது என்று அர்த்தம். அந்த ஓலைத் துண்டை வெட்டித் தாக்குதல் அதிகமுள்ள மரத்தில் செருகலாம். ஓலையின் மேற்புறம் படியும் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசையே போதும். இந்த நேரத்தில் ஒரு முறை பூச்சிக்கொல்லி அடித்தால், முதலில் தொலைவது குளவிதான்.

ஆக, வீட்டைச் சுற்றி என்ன செய்யலாம்? கொல்லையில் ஒரு மூலையைக் கொத்தாமல், சிமெண்ட் போடாமல் விடுங்கள். பட்டுப்போன முருங்கைக் கிளை ஒன்று கிடக்கட்டும். பென்சில் பருமனுள்ள மூங்கில் குழாய்களை ஒரு பக்கம் கணு இருக்கும்படி நறுக்கி, கட்டாகக் கட்டி, மழை படாமல் இறவாரத்தில் தொங்கவிட்டால் தனித்து வாழும் தேனீக்கள் குடிவரும். கொத்தமல்லியில் நாலு செடியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். அசுவினியைத் தின்னும் புழுவை ஈனும் மிதவை ஈயும் குட்டிக் குளவிகளும் அந்தச் சிறு பூவைத் தேடி வரும். துளசியும் தும்பையும் ஆண்டின் பெரும்பகுதி தேனீக்குச் சோறு போடும்.

அடையாளம் தெரியாமல் நாம் கொல்பவை நிறைய. பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும்; அதன் புழு, முள் முளைத்த சின்ன முதலைபோல் இருக்கும். செடியில் அதைப் பார்த்ததும் நசுக்கிவிடுகிறோம். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு வகைப் பொறிவண்டின் புழு, பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையாக இருக்கும். சற்றுப் பெரியது, வேகமாக நகரும். இலையில் தலைமுடிபோன்ற காம்பின் நுனியில் வெள்ளை மணி நின்றால் அது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை, பூசணம் அல்ல. கத்தரி இலையைச் சுரண்டும் புள்ளி வண்டு மட்டும் பொறிவண்டுக் குடும்பத்தில் நமக்கு எதிரி. அதன் முதுகு பளபளக்காது. மெல்லிய ரோமத்தோடு மங்கலாக இருக்கும்.

மருந்தடித்தே ஆகவேண்டிய நிலை வந்தால் மாலையில், தேனீ கூடு திரும்பிய பிறகு அடியுங்கள். மாவும் சூரியகாந்தியும் பூத்திருக்கும்போது அடிக்கவே கூடாது. மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பதில் பெரும்பங்கு ஈக்களுடையது. சூரியகாந்தியில் தேனீ குறைந்தால், கொண்டையைத் துணியால் தேய்த்துவிட ஆள் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். வேப்பெண்ணெயும் ஐந்திலைக் கரைசலும் இயற்கையானவை என்பதால் பூவின் மேல் தாராளமாக அடிக்கலாம் என்ற எண்ணம் நம்மிடம் பரவியிருக்கிறது. மென்மையான பூச்சிகளை அவையும் பாதிக்கும்.

புதர் விட்டால் பாம்பு வரும், தண்ணீர் வைத்தால் கொசு வரும் என்று வீட்டில் சொல்வார்கள். நியாயமான பயம்தான். நடமாட்டமுள்ள இடத்தையும் குழந்தைகள் விளையாடும் இடத்தையும் சுத்தமாக வையுங்கள். ஒதுக்கும் மூலை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வேலியோரம் இருக்கட்டும். கூழாங்கல் போட்ட தட்டில் வைக்கும் தண்ணீரைத் தினமும் மாற்றினால் கொசு முட்டையிட்டு வளர நேரமிருக்காது. கொசு பெருகுவது மூடாத தொட்டியிலும் பழைய டயரிலும்தான். அதை விட்டுவிட்டுத் தெருவெல்லாம் புகை அடிப்பதில் தட்டானும் சேர்ந்து சாகிறது.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயலாய்வு செய்து பரிந்துரை எழுதும்போது, தீமை செய்யும் பூச்சியின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே நன்மை செய்வதன் எண்ணிக்கையையும் எழுதிக் கொடுங்கள். விவசாயி அந்தச் சீட்டைத்தான் கடைக்கு எடுத்துப் போகிறார். அதில் மருந்தின் பெயர் மட்டும் இருந்தால் கடைக்காரர் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுப்பார். "சிலந்தி தூருக்கு ஒன்று உள்ளது, ஐந்து நாள் கழித்து மறுபடி பார்க்கவும்" என்று இருந்தால், அந்த ஐந்து நாளில் பல வயல்களுக்கு மருந்தே தேவைப்படாமல் போகலாம்.

அடுத்த நடவுக்கு வரப்பு வெட்டும்போது ஓரத்தில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றுங்கள். இடையிடையே செண்டுமல்லி, எள். நெல் தூர் கட்டும் நேரத்தில் அவை பூத்துவிட வேண்டும் என்பதால் நடவோடு நடவாக விதைப்பது நல்லது. அந்த வரப்பில் மட்டும் களைக்கொல்லி வேண்டாம், கையால் அரிந்துகொள்ளலாம்.