பாடம் நடத்துபவர் வார்டிலும் நிற்கட்டும்



செவிலியர் கல்வியில் படிப்பு ஒரு பக்கம், வார்டு ஒரு பக்கம் என்று கிடப்பதற்குப் பாடத்திட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் பி.எஸ்சி. நர்சிங் படிப்பைத் திறன் அடிப்படையில் திருத்தி, மனித மாதிரிகளைக் கொண்டு பழகும் பயிற்சியையும் சேர்த்துவிட்டது. ஆனால், மாதிரியின் கையில் ஊசி ஏற்றிப் பழகிய மாணவி, நீர்ச்சத்து வற்றி நரம்பே தென்படாத முதியவரின் கையைப் பிடிக்கும்போது, சொல்லிக்கொடுத்தவர் அருகில் இருக்க வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) நர்சிங் ஆசிரியர்கள் வார்டுப் பொறுப்பையும் சேர்த்து வகிப்பது நெடுநாள் வழக்கம்.

இதை எல்லா இடத்திலும் கொண்டுவந்தால் ஆசிரியர்களுக்கு இரட்டைச் சுமை என்பார்கள். கூடுதல் வேலையாகத் திணித்தால் சுமைதான். வகுப்பு நேரத்தைக் குறைத்து, வார்டுப் பொறுப்பைச் சுழற்சி முறையில் கொடுத்தால் சுமை அல்ல. ஆள் பற்றாக்குறை உள்ள அரசு மருத்துவமனைகளுக்கும் இது கைகொடுக்கும். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.

– வாசகர், ஆலங்குடி