இன்டர்வியூவில் பாஸான புல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மணிமங்கலத்தில் முழங்கால் சேற்றில் நின்றபடி பெரியம்மாவிடம் திட்டு வாங்கினேன். "அடப்பாவி, நீ புடுங்குனது நெல்லுடா!"

எனக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற உத்தியோகம். நூறு பயோடேட்டாவைப் புரட்டி நாலு பேரைப் பொறுக்கத் தெரிந்தவனுக்கு, ஒரு புல்லை அடையாளம் தெரியவில்லை.

தப்பு என்னுடையது மட்டுமில்லை. நெல்வயலில் முளைக்கும் குதிரைவாலிப் புல், இளசில் அசல் நெல் நாற்று மாதிரியே இருக்கும்.

"தாளும் இலையும் சேர்ற எடத்தப் பாரு. நெல்லுக்கு சவ்வாட்டம் ஒரு நாக்கு இருக்கும். ரெண்டு பக்கமும் காதாட்டம் இருக்கும். இதுக்கு ரெண்டும் கெடையாது" என்றார் பெரியப்பா.

நாக்கும் காதும் இல்லாதவன்தான் நெடுநாள் நிலைப்பான். ஆபீஸிலும் அப்படித்தான்.

இந்த மாறுவேஷத்தைப் போட்டுவிட்டதே நாம்தான். வித்தியாசமாகத் தெரிந்த புல்லைக் கை பிடுங்கியது. நெல் சாயலில் இருந்தது தப்பியது. அதன் விதை அடுத்த போகத்தில் முளைத்தது. சீனாவில் யாங்சி நதிப் பக்கத்து வயல்களில் இது சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் ஆரம்பித்தது என்று 2019-ல் மரபணுவைப் படித்துச் சொன்னார்கள். களையெடுத்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் புல்லுக்கு இன்டர்வியூ நடத்தியிருக்கிறார்கள்.

இப்போது பெரியப்பாவின் கழனியில் களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. அந்தக் காலத்தில் களையெடுத்த பெண்களின் மகள்கள் விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள். அதில் சிலரை வேலைக்கு எடுத்த பாவி நானேதான்.

பரிகாரமாக, ஐந்து வருஷம் முன்பு பெரியப்பாவுக்குக் களை மருந்து வாங்கிக் கொடுத்தேன். பிஸ்பைரிபாக் என்று பெயர். "பத்து பொம்பளைங்க வேலைய ஒரு டப்பா செஞ்சிடுச்சுடா!" என்று பூரித்துப் போனார். அன்றிலிருந்து சொர்ணவாரியோ, சம்பாவோ, நவரையோ, எல்லாவற்றுக்கும் அதே மருந்து. இந்த நவரையில் அடித்து மூணு வாரமாகியும் புல் ஜம்மென்று நின்றது.

"டோஸை டபுள் பண்ணிடலாமா?" என்றேன். பெரியப்பா என்னை விவசாய ஆபீஸுக்கு இழுத்துப் போனார்.

"புல்லுக்கு நாலு இலை வர்றதுக்குள்ள அடிச்சீங்களா? தண்ணியை வடிச்சிட்டு அடிச்சீங்களா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். இரண்டுக்கும் பெரியப்பா தலையாட்டினார். "செத்த புல்லுக்குப் பக்கத்துலயே அதே ஜாதிப் புல் உயிரோட நிக்குதா?" நின்றது. "சோதிக்காம உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா சந்தேகப்பட வேண்டிய விஷயம்தான்."

விஷயம் இதுதான். புல் வளர ஒரு நொதி வேண்டும். மருந்து போய் அதைப் பூட்டிவிடுகிறது. நெல் மட்டும் மருந்தைச் சீக்கிரமே உடைத்து ஜீரணித்துத் தப்பிக்கும். லட்சக்கணக்கான புல்லில் ஏதோ ஒன்றுக்குப் பிறவியிலேயே பூட்டுத் துவாரம் கொஞ்சம் மாறியிருக்கும்; சாவி நுழையாது. அல்லது நெல் மாதிரியே அதற்கும் ஜீரண சக்தி இருக்கும். மற்றதெல்லாம் சாக, அது மட்டும் ஆயிரக்கணக்கில் விதை போடும். ஆக, மருந்து நடத்தியதும் இன்டர்வியூதான். ஐந்து வருஷமாக ஒரே கேள்வித்தாள்!

ஹரியானாவில் இது 1990-களின் ஆரம்பத்திலேயே நடந்தது. கோதுமையில் வளரும் ஒரு புல். பஞ்சாப் பக்கத்தில் அதற்குப் பெயர் 'குல்லி டண்டா', நம் கில்லி தாண்டாதான். ஐசோபுரோட்டூரான் என்ற மருந்தையே வருஷக்கணக்கில் அடித்ததில், அது மருந்துக்கு மசியாமல் போய்விட்டது. சில விவசாயிகள் கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். புது மருந்துகள் வந்தன. பிற்பாடு புல் அவற்றிலும் பாஸ் பண்ணியது. நெல்வயலில், சத்தீஸ்கரிலும் கேரளத்திலும் ஒரு கோரை பிஸ்பைரிபாக்குக்கு அடங்கவில்லை என்று 2021-ல் அறிவித்தார்கள்.

டோஸை ஏற்றினால் பரீட்சைதான் கடினமாகும்; பாஸாகிறவன் இன்னும் பெரிய கில்லாடியாக இருப்பான். கேள்வித்தாளை மாற்ற வேண்டும். டப்பாவின் பெயர் மாறினால் போதாது, வேறு விதமாகக் கொல்லும் மருந்தாக இருக்க வேண்டும். நடுவில் கோனோ வீடர் ஓட்டலாம். ஒரு போகம் உளுந்து போடலாம். முக்கியமாக, தப்பிய புல்லைக் கதிர் வருவதற்குள் கையால் பிடுங்கிவிட வேண்டும்.

"யார் கையால?" என்று கேட்டார் பெரியப்பா. டப்பா வாங்கிக் கொடுத்தவன் கையால்தான்.

மாலைக்குள் கால் காணிகூட முடியவில்லை. திங்கட்கிழமை இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தேன். முதலில் வந்த பெண்ணுக்கு மணிமங்கலம்.

"களையெடுக்கத் தெரியுமாம்மா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"தெரியும் சார். அதனாலதான் இங்க வந்தேன்" என்றாள்.