இரைச்சலைக் கும்பிடுகிறவர்களுக்கு

போன மாசம் ஹாஸ்டலில் ஒரு நண்பன் என் காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, "மச்சி, இதைக் கேளு, சும்மா மிதக்கும்" என்றான். ராஜா பாட்டு. வேகத்தைக் குறைத்து, குரலைக் கிணற்றுக்குள் இறக்கி, எல்லாவற்றுக்கும் மேலே 'உஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். "என்னடா இந்தச் சத்தம்?" என்றேன். "அதான்டா டேப் ஹிஸ். லோ-ஃபை. அதுக்குன்னே தனியா பிளக்-இன் இருக்கு."

அதாவது, சுத்தமாக இருந்த பாட்டை எடுத்து, சாஃப்ட்வேர் போட்டு அழுக்காக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். கொஞ்சம் சூடாக இருக்கும், கேசட் பிரியர்கள் பொறுத்தருள்க.

எனக்கு ஊர் போடிநாயக்கனூர். அப்பா ஜீப் டிரைவர். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, அந்தப் பக்கம் கேரளத்தில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். டாஷ்போர்டில் டேப். சீட்டுக்கு அடியில் பிஸ்கட் அட்டைப்பெட்டி நிறையக் கேசட்.

அதில் பாதிக்கு மேல் கம்பெனி கேசட் கிடையாது. ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தது. இந்தக் கடைகளைப் பார்க்காத தம்பி தங்கைகளுக்காக: வெற்றுக் கேசட் ஒன்றும், வேண்டிய பாட்டுகளை எழுதிய துண்டுச்சீட்டும் கொடுத்துவிட்டு வர வேண்டும். அறுபது நிமிஷக் கேசட் என்றால் பன்னிரண்டு, பதிமூன்று பாட்டு பிடிக்கும். ரெண்டு நாள் கழித்துப் போனால் பதிந்து, மேலட்டையில் பாட்டு வரிசையைக் குண்டு குண்டாக எழுதிக் கொடுப்பார்கள். பெரிய கடையில் இசைத்தட்டிலிருந்தே பதிவார்கள். சின்னக் கடையில் இசைத்தட்டுக்கு எங்கே போவது? இன்னொரு கேசட்டிலிருந்து கேசட்டுக்கு. அதை அப்பாவின் சிநேகிதர் வாங்கிப் போய் இன்னொரு காப்பி எடுப்பார்.

ஒவ்வொரு காப்பிக்கும் இரைச்சல் ஏறும். கேசட் நாடாவின் அகலம் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. அது நொடிக்கு அஞ்சு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் நகர்கிறது. அந்த இடத்துக்குள் மொத்த ஆர்கெஸ்ட்ராவையும் அடைத்து, அதையும் மூன்று தடவை நகல் எடுத்தால் என்ன மிஞ்சும்? முதலில் போவது உச்ச ஒலிகள். ஹை-ஹாட்டும் சிம்பலும் தேங்காய் துருவுகிற சத்தமாகிவிடும். டேப் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் பாடகருக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும். அடி ஒலி நாடாவில் இருக்கத்தான் செய்யும், ஆனால் ஜீப்பின் உள்ளங்கை அகல ஸ்பீக்கருக்கு அதை வெளியே சொல்லும் தெம்பு கிடையாது. மலைமேல் மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம். ஈரத்தில் நாடாவுக்கு வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். அப்பா பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைப்பார், சிக்கிய நாடாவைப் பேனாவை விட்டுச் சுற்றுவார்.

இப்போது கதைக்கு வருகிறேன். 1981-ல் வந்த 'டிக் டிக் டிக்' படத்தில் எஸ். ஜானகி பாடிய ஒரு பாட்டு அப்பாவின் கேசட்டில் உண்டு. இறக்கத்தில் வரும்போது அவர் கட்டாயம் போடுவது. போன லீவில் அதே பாட்டை, இசைத்தட்டிலிருந்து ஒழுங்காகக் கணினிக்கு மாற்றிய பிரதியில், கடன் வாங்கிய நல்ல ஹெட்ஃபோனில் அவரைக் கேட்க வைத்தேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஏப்பா, அடியில ஒருத்தன் தனியா ஒரு பாட்டு வாசிச்சுக்கிட்டுப் போறானே, யாரு அது?" என்றார்.

அது பேஸ் கிட்டார். ஜானகி ஒரு வழியில் போக, அது பாட்டுக்கு இன்னொரு வழியில் குதித்துப் போய் வரும். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பாட்டைக் கேட்ட மனுஷனுக்கு அதில் பாதி அன்றைக்குத்தான் கிடைத்தது. நீங்கள் 'வெதுவெதுப்பு', 'அந்தக் காலத்து வாசனை' என்று கொண்டாடுகிறீர்களே, அந்த இரைச்சல் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது இதைத்தான். லோ-ஃபை என்பது நாங்கள் விரும்பி எடுத்த பாணி இல்லை ஐயா. எங்கள் கைக்கு எட்டியது அவ்வளவுதான். கிழிந்த வேட்டியைப் பார்த்து ஃபேஷன் என்கிற கதை.

அடுத்தது அந்தப் பெயர்ப்பலகை. அண்டர்கிரவுண்ட், சைக்கடெலிக் ஃபங்க், அரிய கண்டெடுப்பு. 2010களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற லேபிள் 'சொல்ல சொல்ல' என்று ஒரு தொகுப்பு போட்டது. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் ராஜா செய்த மின்னிசைப் பாட்டுகள். நல்ல தேர்வு, மறுக்க மாட்டேன். நம்மூர்க் கம்பெனிகள் ஒரே சோக மெலடிகளைத் திருப்பித் திருப்பி விற்றுக்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கத்தை ஒருத்தர் எடுத்து வைத்ததே பெரிசு. ஆனால் அந்த லேபிளின் பெயருக்குத் தமிழில் என்ன அர்த்தம் தெரியுமா? 'கண்டெடுத்தவனுக்கே சொந்தம்'. விளையாட்டுக்கு வைத்த பெயராகத்தான் இருக்கும். நமக்குத்தான் சிரிப்பு வர மாட்டேன் என்கிறது. தொலைந்தால்தானே கண்டெடுக்க? 'ப்ரியா' (1978), 'சகலகலா வல்லவன்' (1982), 'விக்ரம்' (1986) பாட்டெல்லாம் எந்தக் குகைக்குள் கிடந்தன? கல்யாண வீட்டு மைக் செட்டிலும், தேனி பஸ்ஸிலும், திருவிழா ஆர்கெஸ்ட்ராவிலும் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தன. அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் 2003-ல் 'எலிஃபங்க்' ஆல்பத்தில் எடுத்துக்கொண்டது 1985-ல் வந்த 'ஸ்ரீ ராகவேந்திரர்' படப் பாட்டை. மாயா என்கிற எம்.ஐ.ஏ. 2007-ல் 'காலா' ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு எடுத்தது 'தளபதி' பாட்டை. ரஜினி படப் பாட்டு அண்டர்கிரவுண்ட் என்றால் மேலே தரையில் இருப்பது என்ன சார்?

தலைமறைவு, ரகசியம் என்றெல்லாம் கதை வேண்டும் என்றால் எங்கள் மலையில் வேறு கதை இருக்கிறது. ராஜா பிறந்த பண்ணைப்புரம் எங்கள் தாலுகாவுக்குப் பக்கத்து உத்தமபாளையம் தாலுகாவில். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைப் பாடகர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூசுக்கு ஓட்டுக் கேட்டு மலைத்தோட்டத் தொழிலாளர்கள் நடுவில் பாடப் போனார். தம்பி ராஜாவையும் கூட்டிப்போனார், அப்போது தம்பிக்கு வயசு பதினாலு, பதினஞ்சு. ரோசம்மா ஜெயித்தார். ஜீப்புக்கு முந்தியே பாட்டு அந்த மலை ஏறியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். யாரும் கண்டுபிடிக்கக் காத்திருக்கவில்லை.

வெளிநாட்டுக்காரனை மட்டும் திட்டிவிட்டு எழுந்து போக முடியாது. நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா கேட்டாரே, "யாரு அது?" என்று. கேசட் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். படம், நடிகர் போட்டோ, இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர். வாசித்தவன் பெயர் இருக்காது. ராஜாவின் குழுவில் கீபோர்டு விஜி மானுவல், டிரம்ஸ் புருஷோத்தமன், பேஸ் கிட்டார் சசிதரன், கிட்டார் சதானந்தம். இவர்கள் பெயரையெல்லாம் எனக்குச் சொன்னது எந்த அட்டையும் இல்லை. ராஜா பைத்தியங்கள் இணையத்தில் ஒவ்வொரு பாட்டாகத் துருவி எழுதி வைத்தது. புருஷோத்தமன் 2020-ல் இறந்துபோனார். என் வகுப்பில் அறுபது பேரில் அந்தச் செய்தி தெரிந்தது எத்தனை பேருக்கு? ஆனால் லண்டன் டிரம்மர்கள் பெயர் சொல்லச் சொன்னால் வரிசையாகச் சொல்வான்கள். பாட்டு யாருக்குச் சொந்தம் என்று வருஷக்கணக்கில் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. அதில்கூட வாசித்தவனைப் பற்றிப் பேச்சு இல்லை.

கேசட்டுக்கு ஒரு நல்லது செய்த பங்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். பீட்டர் மானுவல் என்ற ஆய்வாளர் 1993-ல் 'கேசட் கல்ச்சர்' என்று புத்தகமே எழுதியிருக்கிறார், வட இந்தியாவை வைத்து. பெரிய கம்பெனி கையிலிருந்த பாட்டைக் கேசட் பிடுங்கிச் சின்ன ஆட்களிடம் கொடுத்தது என்பது அதன் சாரம். எங்கள் பக்கமும் அப்படித்தான். வள்ளி திருமணம் நாடகம், ஒப்பாரி, கோயில் திருவிழாப் பாட்டு எல்லாம் கேசட்டாக வந்ததே அந்த மலிவால்தான். இவற்றுக்கு மேலே நல்ல பிரதி என்று எதுவும் கிடையாது. பூஞ்சை பிடித்தால் போனது போனதுதான். உங்களுக்கு உண்மையிலேயே அரிய கேசட் வேண்டுமென்றால் இவை இருக்கின்றன. ஆனால் அதில் சைக்கடெலிக் என்று எழுதி விற்க முடியாது பாருங்கள், அதனால் யாரும் தேடுவதில்லை.

அந்த நண்பனுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பிளக்-இன்னை மூடிவிட்டு ஒரு தடவை அந்தப் பாட்டின் அடியில் போகிறவனைக் கேள். அவன் பெயரைத் தேடு.

அப்பா பெட்டியில் 43 கேசட் மிச்சம். பதினொன்றில் பூஞ்சை. அதில் மூன்று, எங்கள் தெருவில் நடந்த வள்ளி திருமணத்தை யாரோ மைக்குக்குப் பக்கத்தில் டேப்பை வைத்துப் பிடித்தது. வருகிற லீவில் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றப் போகிறேன். போடி, தேவாரம், கம்பம் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது இந்த மாதிரிப் பெட்டி கிடந்தால் சொல்லுங்கள். பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னாடி சொல்லுங்கள். ஸ்பிரிட்டும் பஞ்சும் நானே கொண்டு வருகிறேன்.