முகத்துக்கு சீரம் சரி, அப்பாவின் குதிகாலுக்கு என்ன?

“மாய்ஸ்சரைசரா? அதெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் போறப்போ எடுத்துட்டுப் போனா போதும்.” சென்னையில் பலரின் எண்ணம் இதுதான். வியர்வை வழியும் ஊரில் தோல் எப்படி வறண்டுபோகும் என்பது நியாயமான கேள்வியாகத்தான் தெரிகிறது. ஆனால், இதே ஊரில்தான் தினமும் எட்டு, ஒன்பது மணி நேரம் ஏசிக்குக் கீழே வேலை பார்ப்பவர்களின் கால்களில் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. நகத்தால் லேசாகக் கீறினால் கோடு விழுகிறது.

வறண்ட சருமத்தைக் குளிர்காலப் பிரச்சினையாகவும், அதைச் சரிசெய்வதை அழகு சமாச்சாரமாகவும் பார்ப்பது இங்கே பழகிப்போய்விட்டது. இரண்டு பார்வையுமே தவறு. சருமத்தின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் கவனிக்க வேண்டிய ஆரோக்கிய விஷயம். வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் இருந்தால், அது காலையே காப்பாற்றும் விஷயம்.

தோலில் ஈரம் எப்படி நிற்கிறது?

தோலின் மேற்பரப்பில் இருப்பது இறந்த செல்களால் ஆன மிக மெல்லிய அடுக்கு. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான். தோல் மருத்துவர்கள் இதைச் செங்கல் சுவருடன் ஒப்பிடுவார்கள். செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சிமென்ட். இந்தச் சுவர் உறுதியாக இருந்தால் உள்ளே இருக்கும் நீர் அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. வெளியே இருக்கும் கிருமியும் எளிதில் உள்ளே வராது. இந்த அடுக்கின் நீரளவு சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் தோல் இறுகும், உதிரும், அரிக்கும்.

“நிறைய தண்ணி குடி, ஸ்கின் பளபளன்னு ஆயிடும்” என்ற அறிவுரை இங்கேதான் இடறுகிறது. தேவையான அளவு தண்ணீர் உடலுக்கு அவசியம்தான். ஆனால், ஏற்கெனவே போதுமான அளவு குடிப்பவர் கூடுதலாக இரண்டு லிட்டர் குடிப்பதால் அது தோலின் மேலடுக்கில் போய்த் தங்கிவிடாது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதைவிட, ஓட்டையை அடைப்பதுதான் வேலை.

ஓட்டை போடுவது எது?

முதலில் ஏசி. காற்றைக் குளிர்விக்கும்போதே அதிலுள்ள ஈரத்தையும் ஏசி வடித்துவிடுகிறது. வெளியே குழாயில் சொட்டும் தண்ணீர் அதுதான். அறைக் காற்று காய்ந்துபோனால், தோலிலிருந்து நீர் வேகமாக ஆவியாகும்.

அடுத்தது குளியல். ஹீட்டரில் சுடச்சுடத் தண்ணீர் பிடித்து, அரை மணி நேரம் நின்று குளிப்பது சுகம்தான். ஆனால், அந்தச் சூடு தோலின் கொழுப்புப் பூச்சைக் கரைக்கிறது. அதோடு சோப்பும் சேர்ந்துகொள்கிறது. தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஹெச் அளவு சுமார் 5. வழக்கமான சோப்பின் பிஹெச் 9 முதல் 10 வரை. அட்டையில் டிஎஃப்எம் 76 சதவீதம் என்று போட்டிருந்தால் அது முதல் தர சோப்பு என்றுதான் அர்த்தம். காரத்தன்மை இல்லாதது என்று அர்த்தமில்லை. தினமும் இரண்டு வேளை குளிப்பவர்கள் ஒரு வேளை மட்டும், அதுவும் அக்குள், தொடை இடுக்கு, பாதம் போன்ற இடங்களுக்கு மட்டும் சோப்பு போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

விலையைவிட நேரம் முக்கியம்

மாய்ஸ்சரைசர் செய்யும் வேலை மூன்று. கிளிசரின், ஹயலுரோனிக் அமிலம் போன்றவை நீரை இழுத்துப் பிடிக்கும். எண்ணெய்ப் பொருள்கள் இடைவெளிகளை நிரப்பி மிருதுவாக்கும். பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை மேலே மூடிபோல் இருந்து நீரை ஆவியாகவிடாமல் தடுக்கும். 1872இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பெட்ரோலியம் ஜெல்லியைவிடச் சிறந்த மூடியைக் காண்பது இன்றைக்கும் கடினம். அது மருந்துக்கடையில் மலிவாகவே கிடைக்கிறது.

வீட்டுத் தேங்காய் எண்ணெயும் சளைத்ததல்ல. 2004இல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒன்றில், வறண்ட சருமத்துக்கு மினரல் ஆயிலுக்கு இணையாக அது பலன் தந்தது. ஆனால், முகப்பரு வரும் முகத்துக்கு அது வேண்டாம். முதுகிலும் மார்பிலும் தேமல் இருந்தால் அங்கேயும் எண்ணெய் தேய்க்கக் கூடாது. தேமலுக்குக் காரணமான பூஞ்சை கொழுப்பைத் தின்று வளரக்கூடியது.

எதைப் பூசினாலும், குளித்துவிட்டு ஒற்றித் துடைத்த இரண்டு, மூன்று நிமிடங்களுக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். காய்ந்த பிறகு பூசினால் மூடி இருக்கும், உள்ளே அடைத்துவைக்க நீர் குறைவாகவே இருக்கும்.

பருவத்துக்கு ஏற்ப மாற வேண்டியது அடர்த்தி மட்டும்தான். கோடையில் ஜெல் அல்லது லேசான லோஷன், பகலில் வெளியே போனால் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். மழைக்காலத்தில் நனைந்த ஷூ, சாக்ஸைக் கழற்றி விரலிடுக்கைத் துடைப்பது. மார்கழி, தை மாதங்களில் கெட்டியான க்ரீம். அவ்வளவுதான்.

நிறத்தைத் துரத்தும் விபரீதம்

இவ்வளவு எளிய விஷயம் ஏன் சிக்கலாகிறது? வறண்ட தோல் பொலிவில்லாமல் தெரியும். அதைப் பார்த்ததும் “கறுத்துப் போயிட்டே” என்பார்கள் வீட்டில். ஈரம் தேவைப்பட்ட தோலுக்கு நிறம் தேடத் தொடங்குவது அங்கேதான். தோழி சொன்னார், பார்லரில் சொன்னார்கள் என்று மருந்துக்கடையில் வாங்கும் சில க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவக்கும், பரு வரும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடும். தோல் மருத்துவர்களின் தொடர் வலியுறுத்தலுக்குப் பிறகு, 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. கடையில் சீட்டு கேட்கும் பழக்கமும் வர வேண்டும்.

காலைப் பாருங்கள்

நிறத்தின் மீதான இந்தக் கவனத்தில் விடுபட்டுப்போவது பெரியவர்களின் பாதம். ஐசிஎம்ஆர் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர். சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதிக்கும்போது பாதத்தில் வியர்வை குறைந்து தோல் காய்ந்து வெடிக்கிறது. உணர்ச்சி குறைந்திருப்பதால் வலி தெரிவதில்லை. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் வெடிப்பு ஆறுவதில்லை. அதன் வழியே நுழையும் கிருமி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைவரை கொண்டுபோய் விடலாம். “வெறும் பித்தவெடிப்புதானே” என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது.

தடுப்பதற்குத் தேவை தினமும் இரண்டு நிமிடம். இரவில் பாதத்தைக் கழுவித் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, குதிகாலில் யூரியா கலந்த க்ரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவ வேண்டும். விரலிடுக்கில் தடவக் கூடாது. அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். ரத்தமோ நீரோ கசியும் வெடிப்பு என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போய்விட வேண்டும். க்ரீம் பூசியும் உடம்பெல்லாம் வறட்சி, அரிப்பு தொடர்ந்தால் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

இருபத்தைந்து வயது முகத்துக்கு மூன்று சீரம் வாங்குகிற வீட்டில், அறுபது வயதுக் கால்களுக்கு ஒரு டப்பா ஜெல்லி இல்லாமல் போவது பணப் பிரச்சினை இல்லை. சருமப் பராமரிப்பு என்றாலே இளமை, நிறம், முகம் என்று நினைப்பதன் விளைவு அது. மாதாந்திர மளிகைப் பட்டியலில் எண்ணெய், சோப்புக்கு அடுத்த வரியில் அந்த ஒரு டப்பாவையும் எழுதிவிடலாம்.